ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் மேற்படிப்பு: வேலூரிலிருந்து கிளம்புகிறவர் எதை எடுப்பது, எதை விடுவது?

டிகிரி ரிசல்ட் வரும் மாதங்களில் விளையாட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். கேட்கிறவர் பி.பி.எட்., பி.பி.இ.எஸ். என்று உடற்கல்விப் பட்டம் முடித்தவராக இருப்பார், பிசியோதெரபி முடித்தவராக இருப்பார், சில சமயம் பி.காம். முடித்துவிட்டு ஜிம்மில் டிரெய்னராக இருப்பவராகவும் இருப்பார். “அண்ணா, எஸ் அண்ட் சி படிக்கணும். எங்க படிக்கலாம்?” எஸ் அண்ட் சி என்றால் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், அதாவது விளையாட்டு வீரர்களுக்கான உடல்திறன் பயிற்சி.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதான ஓரத்தில் கூம்புகளை வரிசையாக வைத்து வீரர்களை ஓட விடுகிறாரே, அவர்தான். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இந்தப் பொறுப்பில் இருந்த ராம்ஜி சீனிவாசன் சென்னைக்காரர். பின்னால் இந்திய அணிக்குப் பல ஆண்டுகள் உடல்திறன் பயிற்சி கொடுத்த சங்கர் பாசுவும் சென்னைக்காரர். எனவே நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிற தொழில் இல்லை இது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வக்கீல் ஆக வேண்டுமென்றால் சட்டப் படிப்பு, அவ்வளவுதான். உடல்திறன் பயிற்சியாளர் ஆவதற்கு நம் நாட்டில் அப்படி ஒரே பட்டம் என்று எதுவும் கிடையாது. உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். படித்தவரும் இந்த வேலையில் இருக்கிறார், எம்.எஸ்சி. படித்தவரும் இருக்கிறார், பிசியோவும் இருக்கிறார், முதுகலையே படிக்காமல் ஓர் அமெரிக்கச் சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவரும் இருக்கிறார். ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவரவர் வந்த வழி அவரவருக்கு ராஜபாட்டை.

நான் பார்க்கிற கணக்கு இரண்டே. எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்பது ஒன்று. வேலூரில் காசில்லாமல் கிடைப்பதை வெளியூர் போய்க் காசு கொடுத்து வாங்குகிறோமா என்பது மற்றொன்று. இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் ஊரில் இருப்பதும் இல்லாததும்

பளு தூக்குவதைக் கற்றுக்கொள்ள வேலூரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளுக்குத் தூக்கி, பிறகு தலைக்கு மேல் ஏற்றுவது) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். வானத்திலிருந்து குதித்த வீரர் இல்லை அவர். அவருடைய அப்பாவும் பளுதூக்குபவர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் பார் பிடிக்கிற பழக்கம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது.

இப்படிப்பட்ட ஒரு பயிற்சிக் கூடத்தில் மாலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். பையன் ஸ்நாட்ச் போடுகிறான். பார் மேலே போகிறது, ஆனால் அதைப் பிடிக்க அவன் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு எட்டு குதிக்கிறான். மாஸ்டர் எதுவும் விளக்குவதில்லை. சாக்பீஸை எடுத்துப் பையனின் கால் கட்டைவிரலுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போடுகிறார். “இதைத் தாண்டக் கூடாது.” அடுத்த முறை பையன் கோட்டை மிதிக்கிறான். அதற்கடுத்த முறை பாரைத் தொடையிலிருந்து விலக விடாமல் உடம்போடு ஒட்டி இழுக்கிறான், கால் கோட்டுக்குப் பின்னாலேயே இறங்குகிறது. எடையில் ஒரு கிலோகூடக் கூட்டவில்லை, தூக்கு மட்டும் மாறிவிட்டது. பல்கலைக்கழகத்தில் இதையே கேமரா வைத்து, பார் போகும் பாதையைத் திரையில் வளைகோடாக வரைந்து காட்டுவார்கள். அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் சாக்பீஸ் கோடு எப்போது போட வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்த வளைகோடு ஐந்து நிமிடப் பாடம்.

அப்படியானால் நம் ஊரில் இல்லாதது எது? கடும் பயிற்சியில் ரத்தத்தில் சேர்கிற லாக்டேட்டையும் ஆக்சிஜன் உட்கொள்ளும் அளவையும் அளந்து பார்க்கிற ஆய்வகம் நம் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. குதிக்கும்போது தரையை எவ்வளவு விசையோடு உதைக்கிறோம் என்று காட்டும் ஃபோர்ஸ் பிளேட் விளையாட்டுக்காரர் உபயோகத்துக்கு வைத்த கூடத்தை நான் இங்கே பார்த்ததில்லை. ஒரு சீசன் முழுக்க, எட்டு மாதம் பத்து மாதம், ஒரே அணியோடு இருந்து பளுவை ஏற்றி இறக்கித் திட்டமிடுகிற வாய்ப்பு அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் நடத்துகிற பயிற்சி வகுப்பை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, முடிந்ததும் தனியே கூப்பிட்டு, “பத்துப் பேரில் நீ மூன்று பேரைத்தான் பார்த்தாய்” என்று சொல்கிற ஓர் ஆள் வேண்டும்.

மேற்படிப்புக்குக் கொடுக்கிற பணம் இந்த நாலுக்காக இருக்க வேண்டும். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்ள இருபது லட்சம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்துவாச்சாரி பஸ் டிக்கெட் போதும்.

எம்.பி.எட்.

பள்ளியிலோ கல்லூரியிலோ நிரந்தர வேலை வேண்டும் என்றால் பேச்சே இல்லை, எம்.பி.எட்.தான். ஆசிரியர் படிப்புகளுக்கான தேசியக் கவுன்சில் என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற இரண்டு வருடப் படிப்பு. பி.பி.எட். அல்லது அதற்குச் சமமான உடற்கல்விப் பட்டம் இருந்தால்தான் சேர முடியும். பி.காம்.காரர் நேராகப் போக முடியாது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். நெட் தேர்வில் உடற்கல்விப் பாடத்தின் எண் 47.

சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் அதற்கு உண்டு. மேலக்கோட்டையூரில் இருக்கிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005-லிருந்து நடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் எல்.என்.சி.பி.இ. என்ற உடற்கல்விக் கல்லூரி, இன்னும் தள்ளிப் போனால் குவாலியரில் 1957-ல் தொடங்கிய எல்.என்.ஐ.பி.இ. என்ற உடற்கல்வி நிறுவனம்.

ஆனால் ஒன்று. எம்.பி.எட். பாடத்திட்டத்தில் உடல்திறன் பயிற்சி என்பது பல தாள்களில் ஒன்று. விளையாட்டு மேலாண்மை, ஆராய்ச்சி முறை, புள்ளியியல், உளவியல், கற்பித்தல் பயிற்சி எல்லாம் கூடவே வரும். இரண்டு வருடம் முடிந்து வெளியே வரும்போது நல்ல உடற்கல்வி ஆசிரியராக வருவீர்கள். ஓர் அணியின் பன்னிரண்டு வாரத் திட்டத்தைத் தனியாகப் போடச் சொன்னால் கை நடுங்கும். அந்த இடைவெளியை நீங்களேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எம்.எஸ்சி.

விளையாட்டு அறிவியலில் எம்.எஸ்சி. என்பது இதற்கு நேர் எதிர் பக்கம். மேலக்கோட்டையூரிலேயே உடற்பயிற்சி உடலியங்கியலும் ஊட்டச்சத்தும் சேர்ந்த எம்.எஸ்சி. இருக்கிறது, உயிர்இயந்திரவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு மையம். பந்து வீசும்போது கை மடங்குகிறதா என்று ஐ.சி.சி. அங்கீகாரத்தோடு சோதிக்கிற ஆய்வகம் அங்கே உண்டு. கர்நாடகப் பக்கம் மணிப்பாலில் உடற்பயிற்சி மற்றும் விளையாட்டு அறிவியல் எம்.எஸ்சி. நடக்கிறது.

பட்டத்தின் பெயரில் ‘ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பெயர் பளபளப்பாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாத படிப்புகளும் உண்டு. உடலியங்கியல் என்று சாதுவாகப் பெயர் வைத்துக்கொண்டு, மாணவனை வாரத்துக்கு மூன்று நாள் மைதானத்தில் நிற்க வைக்கிற துறைகளும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேரில் போக வேண்டும். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து தாம்பரம், வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூர் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு வேலூர்ப் பயணம் போன மாதிரி அலுத்துவிடும் என்பது வேறு விஷயம். அதனால் தினமும் போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விடுதிச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

போனதும் அலுவலகத்தில் சேர்க்கை விவரப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஃபோர்ஸ் பிளேட் இருக்கும். அதன்மேல் துணி போர்த்தியிருக்கிறதா, துணியின்மேல் தூசி எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, “போன மாதம் நீங்களே எடுத்த டேட்டா ஏதாவது இருக்கா? காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். இருக்கிறவர் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். ஒரு கபடி ரெய்டர் நின்ற இடத்திலிருந்து குனிந்து எழும்பிக் குதித்த உயரம், போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு குறைந்தது, அதைப் பார்த்து அன்றைய ஸ்குவாட் செட்டில் எதைக் குறைத்தோம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் அந்தத் துறை உயிரோடு இருக்கிறது. “அதெல்லாம் சார்கிட்டதான் இருக்கும்” என்றால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அடுத்து, எந்த அணியோடு, எத்தனை மாதம் மாணவர்களை அனுப்புகிறார்கள்? அங்கே அவர்களைப் பார்த்துக் குறை சொல்கிறவர் யார்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வர வேண்டும். பெல்லாரிப் பக்கம் விஜயநகரில் 2018-ல் திறந்த இன்ஸ்பயர் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்போர்ட் மாதிரியோ, பெங்களூரில் படுகோன்-டிராவிட் மையம் மாதிரியோ ஓர் இடத்தில் சில மாதம் இருந்துவிட்டு வந்த மாணவரின் பேச்சே வேறாக இருக்கும்.

எம்.எஸ்சி.க்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ஆசிரியர் பட்டம் இல்லை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு அதை வைத்து விண்ணப்பிக்க முடியாது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் தகுதியில் மட்டும், யு.ஜி.சி. 2018 விதிமுறையில் விளையாட்டு அறிவியல் முதுகலையையும் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் “கவர்மெண்ட் வேலை கிடைக்குமா?” என்று கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

ஆய்வேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கே படித்தாலும் தலைப்பை நம் ஊரிலிருந்து எடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும் என்று பாடத்தில் படிப்போம். அந்த நாட்களில் பயிற்சியை எப்படிக் கூட்டுவது, மாலை ஐந்து மணிக்கு விளையாடுகிற குடியாத்தத்துக் கபடிப் பையனின் எடை ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் எவ்வளவு மாறுகிறது, அவன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்றெல்லாம் அளக்க ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். நாளைக்கு நேர்காணலில் ரக்பி வீரர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிப்பவரைவிட இதைச் செய்தவரைத்தான் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

பாட்டியாலா

1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ். பாட்டியாலாவின் ஒரு வருட டிப்ளமா, ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் பயிற்சியாளருக்கானது. பளுதூக்குதல் கோச், தடகள கோச் என்று. உடல்திறன் பயிற்சியாளர் என்பது வேறு ஆள். விளையாட்டைச் சொல்லித்தருபவர் கோச், அந்த விளையாட்டைத் தாங்குகிற உடம்பைத் தயார் செய்பவர் எஸ் அண்ட் சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பாட்டியாலா போகிறவர்கள் நிறைய.

அதே சமயம், நீங்களே பளுதூக்கும் வீரராக இருந்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி அளவுக்காவது ஆடியிருந்தால், எனக்குத் தெரிந்து இதைவிட உறுதியான வழி இல்லை. அரசு விளையாட்டு அமைப்புகளின் கோச் வேலைக்கு முதலில் கேட்கிற காகிதம் இந்த டிப்ளமாதான். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. அது ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களுக்கு நல்லது, டிப்ளமாவுக்கு ஈடாகாது. ஜனவரிக் குளிரில் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும், மூன்று வேளையும் ரொட்டி. நம்மவர்கள் முதல் மாதம் புலம்புவார்கள், அப்புறம் பழகிவிடும்.

சான்றிதழ்: குறைந்த செலவு, நிறைய மதிப்பு

அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. அமைப்பு உடல்திறன் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிற சி.எஸ்.சி.எஸ். சான்றிதழைத்தான் இந்தியாவில் அணிகளும் அகாடமிகளும் அதிகம் கேட்கின்றன. இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளிலும் இதையும், ஆஸ்திரேலிய அமைப்பின் ‘லெவல்’ சான்றிதழையும், இங்கிலாந்து அமைப்பின் அங்கீகாரத்தையும் பெயர் சொல்லியே கேட்பதைப் பார்க்கலாம்.

தேர்வு கணினியில், ஆங்கிலத்தில். இரண்டு பகுதி. அறிவியல் அடிப்படையில் 95 கேள்வி, ஒன்றரை மணி நேரம். செயல்முறைப் பகுதியில் 125 கேள்வி, இரண்டரை மணி நேரம். வீடியோவைக் காட்டி, தூக்குகிறவர் எங்கே தப்பு செய்கிறார் என்றெல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் 70 மதிப்பெண் வாங்க வேண்டும். இதயம் நின்றுவிட்டால் முதலுதவி செய்யத் தெரியும் என்பதற்கான செல்லுபடியாகும் சான்றும் வேண்டும். ஆஸ்பத்திரி ஊரான வேலூரில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலர். ரூபாயில் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும், ஆனால் எந்த முதுகலையோடு ஒப்பிட்டாலும் சில்லறைதான்.

கவனிக்க வேண்டியது இது. இத்தனை நாளும் எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. இனி அங்கீகாரம் பெற்ற, இத்துறை சார்ந்த பட்டப் படிப்பு வேண்டும் என்று மாற்றப்போவதாகவும், 2030-லிருந்து அது நடைமுறைக்கு வரத் தொடங்கும் என்றும் என்.எஸ்.சி.ஏ. அறிவித்திருக்கிறது. ஆகவே எழுத நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் எழுதிவிடுவது நல்லது. பட்டத்தின் கடைசி வருடத்திலேயே எழுதலாம். பட்டம் கைக்கு வந்தபின் சான்றிதழ் வரும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து தேறிவிட முடிகிற தேர்வு இது. ஒரு பையனுக்குக்கூட ஸ்நாட்ச் சொல்லித்தராதவரும் சி.எஸ்.சி.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களின் அங்கீகாரத் தேர்வில் அந்த ஏமாற்று நடக்காது. அங்கே தூக்கிக் காட்ட வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தும் காட்ட வேண்டும்.

வெளிநாடு

லண்டன் டிவிக்கன்ஹாமில் செயின்ட் மேரிஸ், லஃப்பரோ, எடின்பரோ, பெர்த்தில் எடித் கோவன். இந்த நாலு பல்கலைக்கழகங்களிலும் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் என்ற பெயரிலேயே முதுகலை இருக்கிறது. படிப்பு நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. நான் மேலே சொன்ன, நம் ஊரில் இல்லாத நாலும் அங்கே இருக்கிறது. தொழில்முறை அணிகளின் அகாடமியில் போய் நிற்கிற வாய்ப்பு இங்கே இருப்பதைவிட அங்கே அதிகம்.

கேள்வி பணத்தில்தான். இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. கட்டணமும் தங்குகிற செலவும் சேர்ந்து 25 லட்சத்துக்குக் கீழே முடிந்தால் அபூர்வம். வங்கிக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். அதாவது அப்பாவின் வீட்டுப் பத்திரம். 30 லட்சம் கடனை 11 விழுக்காடு வட்டியில் பத்து வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 41,000 ரூபாய். இந்தியாவில் இந்தத் தொழிலில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். லீக் அணி என்றால் சீசன் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும். புரோ கபடி 2014-லிருந்து நடக்கிறது, தமிழ் தலைவாஸ் 2017-ல் வந்தது, வேலைகள் கூடியிருப்பது உண்மை. ஆனால் சீசன் இல்லாத மாதத்துக்கும் தவணை உண்டு.

“அங்கேயே ரெண்டு வருஷம் வேலை பாத்து கடனை அடைச்சிடலாம்” என்று ஏஜென்சிகள் சொல்வார்கள். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேட இதுவரை இரண்டு வருட விசா இருந்தது. 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். அந்தப் பதினெட்டு மாதத்தில் அணி வேலை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், கிடங்கில் பெட்டி தூக்கியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வகைப் பளுதூக்குதல்தான் என்று சொல்லிச் சிரிக்கலாம், தவணை சிரிக்காது.

திரும்பி வந்து அரசு வேலைக்குப் போக நினைத்தால் அந்தப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். 2025-ல் யு.ஜி.சி. இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கும் வெளிநாட்டு முதுகலைகளும் இருக்கின்றன, அயர்லாந்தின் செட்டாண்டா கல்லூரி அந்த வகையில் பெயர் பெற்றது. அறிவுக்கு நல்லது. அரசு வேலைக் கணக்கில் அவற்றை நம்பிச் சேர வேண்டாம்.

என் கருத்து இதுதான். கல்லூரி முடித்தவுடன் நேராக வெளிநாடு போகிறவருக்கு அந்தப் பணத்தில் பாதி வீண். இங்கே இரண்டு மூன்று வருடம் அணிகளோடு நின்று, தனக்கு எது தெரியவில்லை என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போகிறவர், அங்கே பேராசிரியரிடம் கேட்கிற கேள்வியே வேறு. வீட்டில் பணம் தாராளமாக இருக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் போய்ப் படித்துவிட்டு வரட்டும், ஊருக்கும் நல்லது.

பிசியோ படித்தவர்கள்

பிசியோதெரபி இளங்கலையான பி.பி.டி. முடித்துவிட்டு விளையாட்டுப் பிரிவில் அதன் முதுகலையான எம்.பி.டி. போவதா, எஸ் அண்ட் சி போவதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. எம்.பி.டி. போங்கள். 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. காயத்துக்குச் சிகிச்சை பார்ப்பது பதிவு பெற்ற பிசியோவின் வேலை, எஸ் அண்ட் சி கோச் அதைத் தொடக் கூடாது. பிசியோவோ சி.எஸ்.சி.எஸ். எழுதிவிட்டு இந்தப் பக்கமும் வரலாம். முட்டி அறுவை சிகிச்சை முடிந்த வீரரை நடக்க வைப்பது முதல் மறுபடி ஓட விடுவது வரை ஒரே ஆள் பார்த்தால் அணிக்குச் செலவு மிச்சம், அதனால் கிராக்கி உண்டு.

பெண்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் வந்தபின், பெண்கள் அணிகளோடு பயணம் செய்யப் பெண் பயிற்சியாளர்களைத் தேடுகிறார்கள். ஆனால் இங்கே பளுதூக்கும் கூடங்களில் இன்னும் ஆண் பிள்ளைகள்தான் அதிகம், வீட்டில் தயங்குகிறார்கள். வீட்டாரை ஒரு நாள் கூடவே கூட்டிக்கொண்டு போய் மாஸ்டரிடம் பேச வையுங்கள். நான் பார்த்த வரை பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாம் சரி, பி.பி.எட். முடித்த, நடுத்தர வீட்டுப் பையன் ஒருவன் நாளைக் காலை முடிவு சொல்ல வேண்டுமென்றால் என்ன சொல்வேன்? அரசு வேலை ஆசை உள்ளுக்குள் கொஞ்சமாவது இருந்தால் எம்.பி.எட்., இரண்டாம் வருடத்தில் சி.எஸ்.சி.எஸ்., விடுமுறைகளில் சத்துவாச்சாரி. அந்த ஆசை சுத்தமாக இல்லை, அணியோடுதான் வாழ்க்கை என்றால், நேரில் போய்ப் பார்த்துத் தேறிய ஓர் எம்.எஸ்சி., அதோடு அதே சான்றிதழ். வெளிநாட்டை இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்கு ஒத்திவைக்கலாம்.

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஜிம்மில் ஏற்கெனவே சம்பளத்துக்கு இருப்பவர், குடும்பம் உள்ளவர், பி.காம். பட்டக்காரர் என்றால் முதுகலைக்காக வேலையை விட வேண்டாம். 2030-க்கு முன் சி.எஸ்.சி.எஸ். தேர்வை எழுதிவிட்டு, பக்கத்துப் பள்ளியின் கபடி அணியையோ கைப்பந்து அணியையோ ஒரு சீசனுக்குக் கேட்டு வாங்குங்கள். முதல் வருடம் பணம் தர மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் குதி உயரத்தையும் 20 மீட்டர் ஓட்ட நேரத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அகாடமிகளில் நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.